நயீம் அகமதின் வாயில் வராத சொல்

ஆம்பூரில் ஷபீ அஹமது சாகிபின் தோல் பதனிடும் ஷாப்பில் தரம் பிரிக்கிற மேஜை, வடக்குப் பார்த்த ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது. 1914 ஜூன் மாதத்திலிருந்து அந்த மேஜை நயீம் அகமதினுடையது. பதனிட்டுக் காய்ந்த ஆட்டுத்தோலை இடது கையால் தூக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் காட்டி, வலது கட்டைவிரலால் கழுத்திலிருந்து வால் வரைக்கும் ஒரு தடவு தடவுவார். பிறகு ஒரே ஒரு சொல் சொல்வார். "ஒண்ணு" என்பார், அல்லது "ரெண்டு", அல்லது "மூணு". எதிலும் தேறாத தோலானால் "கழிவு". ஒரு தோலுக்கு அவருக்கு ஒன்பது விநாடி போதும்.

அவர் சொல்வதைக் குறித்துக்கொள்வது கன்னியப்பன் வேலை. "கழிவு" என்றால் மட்டும் கன்னியப்பன் தலையை நிமிர்த்தாமலே "குறை?" என்று கேட்பார். உண்ணி கடித்த வடு, உரித்தவனின் கத்தி கிழித்தது, சுண்ணாம்புத் தொட்டியில் வெந்தது என்று நயீம் குறையைச் சொல்வார். கன்னியப்பன் எழுதி முடித்து "அடுத்தது?" என்பார். கையால் சைகை காட்டித் தள்ளிவிடுவது அந்த ஷாப்பில் செல்லாது. தோல் கொடுத்த வியாபாரியின் ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். அவன் காதில் விழும்படி வாயால் சொன்னால்தான் கழிவு கழிவாகும்.

1932 டிசம்பர் 12, திங்கட்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு அந்தச் சொல் நயீம் அகமதின் வாயில் வராமல் போயிற்று.

கையிலிருந்த தோலில் உண்ணி வடு நாற்பதுக்குக் குறையாமல் இருந்தது. நயீம் வாயைத் திறந்தார். நாக்கு மேலண்ணம் வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. கன்னியப்பன் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்.

"இன்னா பாய், கொட்டாவியா?"

நயீம் இல்லை என்று சொல்லப் பார்த்தார். அதுவும் வரவில்லை.

"மூணு" என்றார் கடைசியில்.

கன்னியப்பன் தோலைப் பார்த்தார், நயீமைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். அன்று மாலைக்குள் கழிவுக்குப் போக வேண்டிய இருபத்தாறு தோல் மூன்றாம் அடுக்கில் ஏறிவிட்டது.

அன்று காலை ஏழு மணிக்கு வீட்டில் நடந்ததையும் சொல்லவேண்டும். நயீமுக்கு ஒரே அக்காள், மஹ்பூபி. அவர்கள் வீட்டில் பேச்சு உருது. உருதுவில் அக்காளுக்கு ஆப்பா என்று பெயர். தகப்பனாரை அந்த வீட்டில் பாவா என்பார்கள். 1906-ல் காலராவில் பாவாவும் அம்மாவும் ஒரே வாரத்தில் இறந்தபோது நயீமுக்கு வயது ஒன்பது, மஹ்பூபிக்குப் பதினேழு. அன்றிலிருந்து அடித்ததும் சோறு போட்டதும் ஆப்பாதான். கலியாணமாகி வாணியம்பாடிக்குப் போனார். மூன்றே வருஷத்தில் புருஷனை இழந்து திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து மறுபடி அடிக்க ஆரம்பித்தார். அந்த ஆப்பா அன்று காலை ரொட்டியைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னார்:

"வாணியம்பாடில உன் மச்சானோட அண்ணன் பொண்ணு இருக்கா இல்ல? பேசி முடிச்சுட்டேன். பக்ரீத் போனதும் நிக்காஹ். சரிதானே பேட்டா?"

"சரி ஆப்பா" என்றார் நயீம். மூன்றாவது ரொட்டியையும் சாப்பிட்டார்.

ஏழு மணிக்கும் பதினொன்றே காலுக்கும் நடுவில் நாலேகால் மணி நேரம். இரண்டையும் சேர்த்துப் பார்க்க நயீமுக்குத் தோன்றவில்லை. மசூதித் தெருவில் வஜீதா என்று ஒரு விதவை தொப்பி தைத்துக் கொடுத்து வந்தாள். இரண்டு வருஷம் நாலு மாதமாக நயீம் அங்கேதான் தொப்பி தைத்துக்கொண்டார். வீட்டில் பதினேழு தொப்பி சேர்ந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் வஜீதாவின் அண்ணன் மகள் வெளியே வந்து நூல் பிடித்துத் தலையை அளப்பாள். திரைக்குப் பின்னாலிருந்து வஜீதா "எத்தன விரக்கடை?" என்று கேட்பாள். முப்பத்தைந்து வயது மனிதனின் தலை மாதாமாதம் வளராது என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"கழிவு" வாயைவிட்டுப் போன அதே வாரத்தில் அதன் கூட்டாளிகளும் போய்விட்டன. "வேணாம்" வரவில்லை. "போதும்" வரவில்லை. தெருவில் விளக்குமாறு விற்கிறவனுக்கு இது முதலில் தெரிந்தது. நயீம் வீட்டில் ஒன்பது விளக்குமாறு நின்றன. ரம்ஜானில் நோன்பு திறக்க யார் கூப்பிட்டாலும் போனார். ஒரே மாலை மூன்று வீட்டில் கஞ்சி குடித்தார். ஊரில் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு பந்தாட்டக் கோஷ்டிகள் இருந்தன. இரண்டுக்கும் அவரே காரியதரிசி ஆனார். தமக்கே எதிராக எழுதிய ஒரு கண்டனத் தீர்மானத்தில் இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்.

சென்னைக்குப் போன முப்பது கட்டுத் தோலில் பதினாலு கட்டு கழிவு கலந்திருக்கிறதென்று திரும்பி வந்தபோது ஷபீ அஹமது சாகிப் அவரைக் கூப்பிட்டார்.

"நயீமு, உனக்கு இன்னா கொறை வச்சேன்?"

"ஒண்ணும் கொறை இல்ல சாகிப்." அதுதான் சிக்கல். எதிலும் அவரால் குறை சொல்ல முடியவில்லை.

"ஹக்கீமு பாத்தாச்சு, தாயத்து கட்டியாச்சு, தொண்டைல லைட்டு அடிச்சும் பாத்தாச்சு. பக்ரீத் தோலு மேஜைக்கு வர்றதுக்குள்ள அந்த ஒரு சொல்லு உன் வாய்ல வரணும். வரலன்னா மேஜைய வேற ஆளுக்குக் குடுத்துருவேன். நீ சுண்ணாம்புத் தொட்டிகிட்ட போயி நில்லு. சரியா?"

"சரி சாகிப்" என்றார் நயீம். வேறு என்ன சொல்வார்.

பத்தொன்பது வருஷம் வெளிச்சத்தில் உட்கார்ந்த மனிதருக்கு அந்த மேஜையை விட்டால் வேறு பேர் கிடையாது. ஊரில் யாரைக் கேட்டாலும் "தரம் சொல்ற நயீம்" என்றுதான் அடையாளம் சொல்வார்கள்.

கன்னியப்பன்தான் வழி சொன்னார்.

"ஸ்டேஷன் ரோட்டுல பட்டை மண்டிக்கு மேல ஒரு டாக்டர் வந்துருக்காராம் பாய். மருந்தே குடுக்க மாட்டாராம். படுக்க வச்சுப் பேசச் சொல்வாராம்."

"யாரு பேசணும்?"

"நாமதான்."

"அப்ப அவருக்கு இன்னா வேலை?"

"கேக்கறது. அதுக்குக் கல்கத்தாவுல ரெண்டு வருஷம் படிச்சுட்டு வந்துருக்காரு."

டாக்டர் வேதாசலம் செங்கல்பட்டுக்காரர். மாமனாருக்கு அந்த ஆவாரம்பட்டை மண்டி சொந்தம் என்பதால் மாடி கிடைத்தது. மனத்துக்குக் கீழே இன்னொரு மனம் இருக்கிறது, வியாதி எல்லாம் அங்கேதான் ஊறிக்கொண்டிருக்கிறது, மனிதனைப் படுக்க வைத்துத் தடையில்லாமல் பேச விட்டால் ஊறினது மேலே வரும் என்பது அவர் கற்றுவந்த வித்தை. திறந்து நாலு மாதத்தில் ஒரு நோயாளியும் வரவில்லை. நயீமைக் கண்டதும் அவர் எழுந்து நின்றுவிட்டார்.

1933 பிப்ரவரி 6, திங்கட்கிழமை, மாலை ஐந்து மணிக்கு முதல் அமர்வு. வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், தலா ஐம்பது நிமிஷம் என்று ஏற்பாடு.

அறையில் மேற்குச் சுவரலமாரியை ஒட்டித் தோல் உறை போட்ட நீளமான மஞ்சம் ஒன்று இருந்தது. வேலூரில் சொல்லிச் செய்தது. டாக்டர் நோயாளியின் கண்ணில் படாமல் தலைமாட்டில் உட்காருவார்.

"படுங்க. மனசுக்குக் கீழ ஒரு மனசு இருக்கு, அது பேசட்டும்."

"தோலுக்கும் அப்படித்தான் டாக்டர் சாப். மேல நயம், அடில கறிப் பக்கம்." நயீம் படுக்கவில்லை. மஞ்சத்தின் உறையைக் கட்டைவிரலால் தடவினார். "இத ஒண்ணாம் நம்பர்னு சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமாம். ஏன்?"

"ரெண்டு" என்றார் நயீம். பிறகு படுக்கப் போனவர் சட்டென்று எழுந்துவிட்டார். கால்மாடு மேற்கே இருந்தது. மெக்கா இருக்கிற திசைக்குக் காலை நீட்டிப் படுக்க முடியுமா? காரணம் தெரிந்ததும் டாக்டரும் அவருமாக மஞ்சத்தைத் திருப்பிப் போட்டார்கள். இப்போது டாக்டரின் நாற்காலிக்குத் தலைமாட்டில் இடமில்லை. சுவரலமாரியின் ஒரு கதவைக் கழற்றிவிட்டு அதற்குள் பாதி உட்கார்ந்துகொண்டார். கடைசி அமர்வு வரைக்கும் அவர் உட்கார்ந்த இடம் அதுதான்.

"மனசுல இன்னது வருதுன்னு பாக்காம, வர்றத அப்படியே சொல்லுங்க."

நயீம் கண்ணை மூடினார். "ரெண்டு. ஒண்ணு. ரெண்டு. மூணு. ரெண்டு. ரெண்டு" என்று ஆரம்பித்தார். ஐம்பது நிமிஷமும் அதேதான். டாக்டர் ஒன்றுவிடாமல் எழுதினார். மொத்தம் இருநூற்றுப் பதினாலு தோல்.

"எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார்.

"லோடு பரவாயில்ல" என்றார் நயீம்.

நாலாவது அமர்வில், பிப்ரவரி 16-ஆம் தேதி, அலமாரிக்குள்ளிருந்து டாக்டர் கேட்டார்: "சின்ன வயசுல உங்கள யார் ஜாஸ்தி அடிப்பாங்க?"

"ஆப்பாதான்."

டாக்டர் பென்சிலைச் சீவிக்கொண்டார். இந்தப் பக்கத்து முஸ்லிம்கள் அப்பா என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று எண்ணினார். நோயாளியோடு நோயாளியின் மொழியில் பேசவேண்டும் என்று கல்கத்தாவில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆகவே அவரும் இழுத்தார்.

"உங்க ஆப்பாவ நெனச்சா பயமா?"

"பயம்னு இல்ல. மரியாதை கொஞ்சம் ஜாஸ்தி."

"ஆப்பா இன்னும் உங்ககூடத்தான் இருக்காங்களா?"

"அவங்க வீட்லதான் நான் இருக்கேன்."

தமிழில் மரியாதையாக 'வந்தாங்க' என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று தெரியாது. நயீம் ஆப்பாவை ஒரு நாளும் மரியாதை குறைத்துப் பேசியதில்லை. தப்பு அங்கே ஒளிந்துகொள்ள நல்ல இடம் கிடைத்தது. ஆறு வாரத்துக்கு வெளியே வரவில்லை.

"அம்மா?"

"அம்மாவும் பாவாவும் ஒரே வாரத்துல மவுத்து ஆயிட்டாங்க. எனக்கு ஒம்பது வயசு."

டாக்டருக்குத் தெலுங்கு சிநேகிதர்கள் உண்டு. தெலுங்கில் பாவா என்றால் அக்காள் புருஷன். 'தாயும் அக்காள் கணவரும் ஒரே வாரத்தில் மரணம். தந்தை மட்டும் மிச்சம்' என்று எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் நோட்டுப் புத்தகம் வேகமாக நிறைந்தது. ஆப்பா தலைக்கு எண்ணெய் தேய்த்துப் பேன் பார்த்ததை எழுதினார். ஆப்பா கைக்கு மருதாணி இட்டுக்கொண்டதை எழுதினார். பிப்ரவரி 27-ஆம் தேதி நயீம், "ஆப்பாவுக்குக் கல்யாணம் ஆனப்ப எனக்குப் பத்து வயசு. ஸ்டேஷன்ல உழுந்து அழுதேன்" என்றார்.

"ரெண்டாங் கல்யாணம்" என்றார் டாக்டர் மெதுவாக. "யாரக் கட்டிக்கிட்டாங்க?"

"வாணியம்பாடில ஒரு தோல் வியாபாரி. தங்கமான மனுசன். தாடி இவ்ளோ நீளம் இருக்கும்."

வேறொரு வைத்தியராக இருந்தால் இந்த இடத்தில் திருப்பிக் கேட்டிருப்பார். டாக்டர் வேதாசலம் படித்தவர். கீழ்மனம் ஆளை மாற்றும், வேஷம் போடும், ஆணைப் பெண்ணாக்கும் என்று அவர் படித்த எல்லாவற்றிலும் இருந்தது. தந்தைமேல் உள்ள அச்சம் தாளாமல் இந்த மனிதர் தந்தையை மணப்பெண்ணாக்கி ரயிலேற்றி அனுப்பிவிட்டார் என்று அவருக்கு விளங்கியது. அன்றிரவே 'முக்காடிட்ட தந்தை' என்று தலைப்புப் போட்டு, கல்கத்தாவில் மனத்தை ஆராய்கிற ஒரு சங்கத்துக்கு அனுப்ப ஆங்கிலத்தில் கட்டுரை தொடங்கினார். மார்ச் 9-ஆம் தேதி, ஆப்பா புர்கா போடாமல் வாசல் தாண்டமாட்டார்கள் என்று நயீம் சொன்னபோது டாக்டர் கண்ணில் நீர் வந்துவிட்டது. தலைப்பை அவர் முன்னாலேயே வைத்துவிட்டாரே.

மார்ச் 16-ஆம் தேதி நயீம் மஞ்சத்தின் உறையைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே கிடந்தார். பிறகு, "ஆப்பாவுக்கு ஒரு கொழந்த பொறந்துச்சு. ஏழு நாள்ல போயிருச்சு. வாணியம்பாடில அடக்கம் பண்ணாங்க. ஆப்பா அழுவல. அன்னிக்குப் பூரா அரிசி பொடச்சிக்கினே இருந்தாங்க. கல்லே இல்லாத அரிசி" என்றார்.

டாக்டர் அதை எழுதவில்லை. கொள்கைப்படி அதற்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் எழுதாமல் பென்சிலை மடியில் வைத்துக்கொண்டார். அந்த ஒரு பக்கம் நோட்டில் வெறுமையாக இருக்கிறது.

பதினாலாவது அமர்வின் முடிவில் தீர்ப்பு வந்தது.

"உங்க வாய்ல அடைச்சுக்கிட்டு நிக்கிறது உங்க ஆப்பா. அவங்க மொகத்துக்கு நேரா நீங்க ஒரு தடவ முடியாதுன்னு சொல்லணும். சொன்னா மேஜைலயும் சொல்வீங்க. அவங்கள இங்க கூட்டிட்டு வாங்க."

"ஆப்பா வந்தா நம்ம ரெண்டு பேருக்கும் நல்லதில்ல டாக்டர் சாப்."

"கூட்டிட்டு வர்றீங்களா?"

முடியாது என்று சொல்ல முடிகிற மனிதராக இருந்தால் அவர் அங்கே போயிருக்கவே மாட்டார். "சரி" என்றார்.

ஆப்பாவை அழைக்கப் பத்து நாள் ஆயிற்று. அதுவும் கன்னியப்பன் போய்ச் சொன்ன பிறகுதான்.

"உன் தோஸ்து மாடி மேல போயி படுத்துக்கினு இன்னா பண்றான்?" என்று மஹ்பூபி கேட்டார்.

"பேசறாரும்மா."

"யாரப் பத்தி?"

"ஜாஸ்தியா ஒங்களப் பத்திதான்."

மஹ்பூபி உடனே புர்காவை எடுத்துக்கொண்டார்.

ஏப்ரல் 3, திங்கட்கிழமை. பக்ரீதுக்கு மூன்று நாள் இருந்தது. பட்டைத் தூசியில் இருமிக்கொண்டே மஹ்பூபி படியேறினார். அவர் குரல் எப்போதுமே கட்டைக் குரல். அன்று தூசியினால் இன்னும் கனத்திருந்தது. கன்னியப்பன் மரியாதைக்காக வாசற்படியிலேயே நின்றுகொண்டார். நயீம் மஞ்சத்தின் நுனியில் உட்கார்ந்தார்.

டாக்டர் வேதாசலம் அலமாரியிலிருந்து வெளியே வந்து கை கூப்பினார். ஆறு வாரமாக எழுதிக்கொண்டிருந்த உருவம், எழுதியபடியே, கறுப்புத் துணிக்குள் எதிரே நின்றது.

"வாங்க பெரியவரே. உக்காருங்க அய்யா."

மஹ்பூபி பின்னால் திரும்பிப் பார்த்தார். கன்னியப்பனைத் தவிர யாருமில்லை.

"யாரக் கூப்புடறாரு?"

"உங்களத்தான் ஆப்பா" என்றார் நயீம்.

"கண்ணு டாக்டரு யாராச்சும் இருந்தா இவர மொதல்ல காட்டச் சொல்லு பேட்டா."

பேட்டா என்றால் மகனே என்பது டாக்டருக்குத் தெரியும். அதை அவர் விசாரித்து வைத்திருந்தார். அந்தச் சொல்லோடு அவருக்கு மிச்சமிருந்த ஐயமும் போயிற்று.

"அய்யா, உங்க மகன் உங்களப் பாத்து நடுங்குறார். அதுக்குக் காரணம் இந்தத் துணிதான். எத்தன வருஷமா இதுக்குள்ள மறைஞ்சிருக்கீங்க?"

"எனக்குப் பதினாலு வயசுல இருந்து. உங்களுக்கு இன்னா அதப் பத்தி?"

"வெக்கப்படாதீங்க. இத எடுத்துட்டு நில்லுங்க. நீங்க ஒரு ஆம்பளன்னு உங்க மகன் ஒரு தடவ கண்ணால பாக்கட்டும். எல்லாம் சரியாப் போயிடும்."

அறையில் இருமல் நின்றுவிட்டது. கீழே மண்டியில் யாரோ மூட்டை எண்ணுகிற சத்தம் மட்டும் கேட்டது. நயீம் எழுந்தார். அவர் வலது கட்டைவிரல் தானாக நகர்ந்தது. டாக்டரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார். ஒன்பது விநாடி ஆயிற்று.

"கழிவு" என்றார்.

சத்தம் கீழே மண்டி வரைக்கும் கேட்டிருக்கும். வாசற்படியில் நின்ற கன்னியப்பனுக்குப் பத்தொன்பது வருஷப் பழக்கம். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"குறை?"

"பொம்பளைய ஆம்பளங்கிறாரு."

"அடுத்தது?"

"வாணியம்பாடி சம்பந்தம். கழிவு."

மஹ்பூபியின் முகம் புர்காவுக்குள் திரும்பியது. கன்னியப்பனுக்கு அப்போதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. ஆனால் ஆரம்பித்த வரியைப் பாதியில் விட அவருக்குத் தெரியாது.

"குறை?" என்றார், குரல் கொஞ்சம் இறங்கி.

"பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல. குறை என் மேல. எனக்கு மனசு வேற எடத்துல இருக்கு."

"எங்க?" இதைக் கேட்டது மஹ்பூபி.

"மசூதித் தெருவுல. தொப்பி தைக்கிற வஜீதா."

மஹ்பூபி மஞ்சத்தில் உட்கார்ந்தார். "அவ என் மாவுச் சல்லடைய வாங்கிட்டுப் போயி ஆறு மாசம் ஆவுது" என்றார்.

"ஆமா ஆப்பா."

"அதத் திருப்பி வாங்க அவளையே கூட்டியாரணுமா?"

டாக்டர் வேதாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க... இவருக்கு..."

"அக்கா. ஆப்பான்னா அக்கா. நீங்க இன்னான்னு நெனச்சீங்க?"

டாக்டர் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். மொத்தம் எண்பத்து மூன்று பக்கம். "அப்ப பாவா?"

"எங்க தகப்பனாரு. அவரு போயி இருவத்தேழு வருசம் ஆச்சு."

"அப்ப அந்தத் தாடிக்காரர்?"

"என் வூட்டுக்காரரு."

டாக்டர் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தார். வெறும் பக்கம் வந்ததும் விரல் நின்றது. நோட்டை மூடிவிட்டு, "அந்தக் கொழந்த..." என்று மட்டும் சொன்னார். "மன்னிச்சுக்கங்கம்மா."

மஹ்பூபி நயீமைப் பார்த்தார். "அதையா இவருகிட்ட சொன்ன?"

"ஆமா ஆப்பா."

"அப்ப உனக்குப் பன்னண்டு வயசுதானே."

"நீங்க அரிசி பொடச்சிக்கினே இருந்தீங்க."

அந்தக் குழந்தையைப் பற்றி இருபத்து நாலு வருஷமாக அந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. வாணியம்பாடியோடு உறவு விட்டுப்போனால் குழந்தையை அடக்கம் பண்ணின கபரஸ்தானுக்குப் போய் நிற்கக்கூட ஒரு முகாந்திரம் இருக்காது. அதற்காகத்தான் அந்த வீட்டுப் பெண்ணைத் தேடிப் பிடித்தோம் என்பது அந்த அம்மாளுக்கே அந்த மஞ்சத்தில் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது. ஒருத்தரும் படுக்கச் சொல்லவில்லை, கேள்வியும் கேட்கவில்லை.

"வாணியம்பாடிக்கு நான் போவணும்னா நீ கூட வருவியா?" என்று கேட்டார்.

"எப்ப வேணாலும் வர்றேன். அதுக்கு ஒரு பொண்ணு எதுக்கு ஆப்பா?"

மஹ்பூபி எழுந்தார். "இந்தச் சம்பந்தம் வேணாம்னு வாணியம்பாடிக்கு நான் ஆளனுப்பிச் சொல்லிக்கிறேன். நடடா." படியிறங்கும்போது டாக்டரிடம் திரும்பி, "அலமாரிக்குக் கதவப் போடுங்க. எலி பூந்துரும்" என்றார்.

டாக்டர் வேதாசலம் கட்டுரையைக் கிழிக்கவில்லை. வைத்தியருக்கு மொழி தெரியாமலே நோயாளி குணமானார் என்று முடிவை மட்டும் மாற்றி எழுதி அனுப்பினார். சங்கத்திலிருந்து பதில் வரவில்லை. அவருடைய அமர்வுகளில் நோயாளி குணமான கணக்கு நூற்றுக்கு நூறு: வந்தவர் ஒருவர், குணமானவர் ஒருவர். செப்டம்பரில் அவர் செங்கல்பட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

மே 13, சனிக்கிழமை, பக்ரீத் தோல் பதனிட்டுக் காய்ந்து, ஏப்ரலிலிருந்து காலியாகக் கிடந்த மேஜைக்கு முதல் லோடாக வந்தது. ஷபீ அஹமது சாகிப் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்தார். ஐந்தாவது தோலிலேயே "கழிவு" வந்தது, குறை கத்தி. சாகிப் நிம்மதியாகக் கண்ணை மூடினார். பன்னிரண்டாவது தோலில் கண்ணைத் திறந்தார், இருபதாவதில் எழுந்து நின்றார். ஐந்து மாதம் அடைபட்டிருந்ததெல்லாம் வந்துகொண்டிருந்தது. அன்று மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு தோலில் நூற்று மூன்று கழிவு. அதில் ஒன்று கன்னியப்பனின் சாப்பாட்டுப் பை.

"நயீமு, கொஞ்சம் கம்மி பண்ணு" என்றார் சாகிப்.

"முடியாது சாகிப்" என்றார் நயீம். சொல்லிவிட்டு, அந்தச் சொல் வாயில் எப்படி இருக்கிறது என்று கொஞ்சநேரம் சுவைத்தார். மேஜை அவரிடமே இருந்தது.

அந்த ஜூன் மாதம் முழுவதும் அவர் ஒன்றையும் விடவில்லை. இரண்டு பந்தாட்டக் கோஷ்டியிலிருந்தும் விலகினார். எட்டு விளக்குமாற்றைத் திருப்பி அனுப்பினார். பக்கத்து வீட்டுக்காரர் ஸலாம் சொன்னதற்குக்கூட ஒரு தடவை யோசித்துத்தான் பதில் சொன்னார். வஜீதாவின் அண்ணனுக்கு இதெல்லாம் காதில் விழுந்தது.

"நிக்காஹ்ல காஜி கேக்கறப்போ இவரு கழிவுன்னு சொல்லிட்டா எங்க மானம் போயிரும்" என்று அவர் கன்னியப்பனிடம் சொன்னார்.

"நான் பக்கத்துல நிக்கல" என்று கன்னியப்பன் வாக்குக் கொடுத்தார். "நான் நின்னாத்தான் அந்தச் சொல்லு வரும்."

1933 ஜூலை 9, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தரை மணிக்கு மசூதித் தெருவில் நிக்காஹ். சொன்னபடி கன்னியப்பன் தெருக்கோடியில், பந்தலுக்கு வெளியே நின்றார். காஜி பெண்ணுக்கு மாப்பிள்ளை தரவேண்டிய மஹர் தொகையைப் படித்தார், பெண்ணின் பேரைப் படித்தார், சம்மதமா என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை பதில் சொல்லவில்லை. பந்தலில் விசிறிகள் நின்றன. ஷபீ அஹமது சாகிப் தலையைக் குனிந்துகொண்டார். திரைக்குப் பின்னால் மஹ்பூபி இருமினார்.

"கபூல்" என்றார் நயீம்.

காஜி இரண்டாம் முறை கேட்டார். கபூல் என்றார். மூன்றாம் முறையும் கபூல் என்றார். காஜி புத்தகத்தைத் திறந்து எழுதத் தொடங்கினார். யாரும் கேட்காமலே நயீம் நாலாவது தடவையும் சொன்னார்.

"மூணு போதும்" என்றார் காஜி.

"இருக்கட்டும்" என்றார் நயீம்.